மோட்டாருக்குப் போன் போடுகிறவள்

அம்சத்தின் வீட்டில் பொத்தான் உள்ள எந்தச் சாமானும் முழுசாக இல்லை. டிவி ரிமோட்டின் முதுகை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கும். மிக்சியின் திருகு உடைந்துபோய், கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்ப வேண்டும். டேபிள் ஃபேனில் ஒரே ஒரு பொத்தான்தான் மிச்சம், அதுவும் ஒருமுறை அமுங்கினால் வெளியே வராது. பார்க்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு போல என்று நினைத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை யாரும் அங்கே இல்லை. ஒரே மகள் இசைவாணி தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். உடைத்ததெல்லாம் அம்சத்தின் புருஷன் பகலவன்.

பகலவனுக்குக் கட்டைவிரல் தடிமன். ஒரு பொத்தானை அழுத்தப் போனால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். டிவியில் மெனு என்று ஒன்று திறக்கும், அதற்குள் இன்னொன்று திறக்கும், கடைசியில் படம் கறுப்பு வெள்ளையாகி நிற்கும். உள்ளே போன வழியில் திரும்பி வரத் தெரியாது அவனுக்கு. ஆத்திரம் மட்டும் உடனே வரும். ரிமோட் சுவரில் போய் மோதும். அதற்கடுத்து அவன் கை தேடுவது அம்சத்தின் கன்னத்தை.

ஒரு பொங்கல் அன்றைக்குக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ அமுக்கிவிட்டான், வர்ணனை இந்திக்கு மாறிவிட்டது. மறுபடி அமுக்கினான், சத்தமே போய்விட்டது. அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து டிவி முன்னால் தள்ளினான். "என்னடி பண்ணி வச்ச இதை" என்று கேட்டுக்கொண்டே ரிமோட்டால் வாயில் அடித்தான். கீழுதடு கிழிந்தது. கட்டிலுக்கடியில் உருண்டுபோன பேட்டரியைத் தவழ்ந்துபோய் எடுத்துவந்து, வாயில் உப்புக்கரிக்க, அம்சம் ரிமோட்டைப் பிடித்தாள். மெனு, கீழ் அம்பு, வலது அம்பு, ஓகே. தமிழ் வந்தது. பகலவன் காலை நீட்டி உட்கார்ந்து வடையைக் கேட்டான்.

இப்படிக் கற்றதுதான் அம்சத்தின் படிப்பு. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள். எந்தக் கருவியானாலும், எந்தப் பொத்தான் எங்கே கொண்டுபோய் விடும், எதை அமுக்கினால் பழைய இடத்துக்கு வரலாம் என்பதை அடி விழுவதற்குள் கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். கெட்டிக்காரி என்று ஊரில் சொன்னார்கள். அது கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். பகலவனைக் கோபக்காரன், ஆனால் உழைப்பாளி, வெள்ளை மனசு என்று சொல்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட.

அவர்களுக்கு நிலம் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றுக் கரையை ஒட்டி. ஃபில்டர் பாயிண்ட் போர் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு, அதன்மேல் ஒரு பழைய பம்பு. முன்பு டீசல் எஞ்சின் வைத்து பெல்ட்டால் ஓட்டியது. பிற்பாடு மின்சார மோட்டார் வைத்தார்கள், பம்பையும் பெல்ட்டையும் மாற்றவில்லை. அந்த பெல்ட் நினைத்தால் கழன்றுகொள்ளும். வீட்டிலிருந்து வயலுக்கு வாய்க்காலைத் தாண்டி, ஆற்றங்கரை ஏறி இறங்கி நடக்க வேண்டும். குறுவைச் சாகுபடிக்கு, கல்லணை திறப்பதற்கு முன்பே நாற்று விடுகிறவர்கள் போர்த் தண்ணீரை நம்பித்தான் விடுவார்கள். மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்டோ எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்காகத்தான் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினார்கள். திருக்காட்டுப்பள்ளியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் வந்து மாட்டிக்கொடுத்தார். கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் எடுத்துப் பேசும். மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும், நிறுத்த எண் இரண்டை அழுத்தவும் என்று சொல்லிக்கொண்டே போகும். கரண்ட் வந்தால் பெட்டியே கூப்பிட்டுச் சொல்லும். வீட்டிலிருந்தே தண்ணீர் பாய்ச்சலாம்.

பகலவன் முதல் நாளே அதோடு சண்டைக்குப் போனான். ஒன்றை அழுத்தப் போய் ஒன்றும் நான்கும் சேர்ந்து அமுங்கின. தவறான தேர்வு என்றது குரல். கெட்ட வார்த்தையில் அவளைத் திட்டினான். மீண்டும் முயற்சிக்கவும் என்றது. போன் தென்னைமரத்தில் போய் விழுந்தது. ஹாஜா மைதீன் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்து, அம்சத்திடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்கம்மா. உங்க நம்பரையே பதிஞ்சு குடுத்துடறேன்."

அப்படித்தான் மோட்டார் அம்சத்தின் பொறுப்பில் வந்தது. பொறுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அந்த வைகாசியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு காலை அவள் ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் வந்திருக்கிறது. கூட்டத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. அவள் பார்ப்பதற்குள் கரண்ட் போய், இரண்டு நாள் வரவேயில்லை. நாற்றங்காலின் ஒரு பக்கம் வெயிலில் பழுத்துவிட்டது.

பகலவன் வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தான். இரும்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் காம்பை மட்டும் கையில் எடுத்தான். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது அவனுக்கு, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் அடி முதுகில். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாள், இடது மணிக்கட்டு முறிந்தது. சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தான். காம்பு நழுவி விழுந்ததும் காலால் மிதித்தான். அவள் வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டுகொண்டாள். கால் எட்டாததால்தான் நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது வரப்பு வழுக்கிவிட்டது என்றாள். மாவுக்கட்டோடு வந்தவளைப் பார்க்க அடுத்த வயல்காரி வேம்பு வந்தாள்.

"என்ன பண்றது அம்சம். நாத்து போனா யாருக்குத்தான் வயிறு எரியாது. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

"என் கை போயிடுச்சேக்கா" என்றாள் அம்சம்.

வேம்பு காப்பியைக் குடித்தாள். இசைவாணி போனில் அழுதாள். போலீசில் சொல்லுவோம்மா, இல்லாட்டி கிளம்பி இங்க வந்துடு என்றாள். ஹாஸ்டலில் அம்மாவையெல்லாம் சேர்க்கமாட்டார்கள், நீ படித்து முடி என்று சொல்லி அம்சம் போனை வைத்தாள். அன்றிரவு கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது, இவன் செத்தால் நன்றாக இருக்கும் என்று முதல்முறையாக முழு வாக்கியமாக நினைத்தாள். அதற்கு முன்பெல்லாம் பாதியிலேயே நிறுத்திக்கொள்வாள்.

மறுநாள் மோட்டாருக்குப் போன் போட்டு, அதுவரை கேட்காத மெனுவையெல்லாம் கடைசிவரை கேட்டாள். தானியங்கி முறைக்கு எண் நான்கை அழுத்தவும், தானியங்கியை நீக்க எண் ஐந்தை அழுத்தவும், மீண்டும் கேட்க நட்சத்திரக் குறியை அழுத்தவும். ஹாஜா மைதீனிடம் கேட்டபோது விளக்கினார். ஆட்டோவில் போட்டுவிட்டால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பி டிரான்ஸ்ஃபார்மரைச் சாய்த்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் பொறுத்துத்தான் ஓடும். ஓடப்போகிறேன் என்று போனில் கூப்பிட்டுச் சொல்லும். அம்சம் நான்கை அழுத்தினாள். இனி இதற்காக அடி விழாது என்று நினைத்தாள். பகலவனிடமும் சொன்னாள்.

"என்ன எழவோ. தண்ணி வந்தா சரி" என்றான்.

ஆட்டோ போட்ட பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே மெயின் சுவிட்ச். அதன் கைப்பிடியைப் பகலவன் எப்போதோ ஒரு ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டு, ஆன் பக்கத்திலேயே கம்பி வைத்துக் கட்டியிருந்தான். மோட்டாரில் கை வைப்பதற்கு முன் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆண்கள் யாரும் பிடுங்குவதில்லை. கரண்ட்தான் இல்லையே என்பார்கள். பிடுங்குகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

ஆனி மாதம் ஒரு முற்பகல். மாவுக்கட்டு பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பெல்ட் கழன்று கிடக்கிறது என்று பகலவன் விடிந்ததுமே வயலுக்குப் போயிருந்தான். அம்சம் பழைய சோற்றையும் துவையலையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

கொட்டகைக்குள் அவன் குப்புறப் படுத்திருந்தான். மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் வலது கையைத் தோள்வரை விட்டு, பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். இடது கையில் ஸ்பேனர். தோளில் கிடந்த துண்டு பெல்ட்டின் மேலேயே விழுந்து கிடந்தது. சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கையை எடுங்க. ஆட்டோல இருக்கு. கரண்ட் வந்தா தானா ஓடிடும்."

அவன் தலையை மட்டும் திருப்பினான்.

"எனக்குச் சொல்லித்தரியா நீ?"

"ஃப்யூஸையாவது பிடுங்கிட்டு..."

ஸ்பேனர் பறந்து வந்து அவள் புருவத்தில் பட்டது. தூக்கு கையைவிட்டுப் போய்ச் சோறு தரையில் கொட்டியது. அவள் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் இடது கண்ணுக்குள் இறங்கியது. "வந்தன்னா இன்னொரு கையையும் ஒடிச்சிடுவேன், ஓடிடு" என்றான் அவன். அந்த ஸ்பேனர் இல்லாமல் வேலை நடக்காது என்பதால் அதை எடுத்துப்போடச் சொன்னான். அவளும் குனிந்து எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தாள். முந்தானையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டாள். உள்ளே இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன், கேட்கவில்லை, இனி என் பாடு இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் உடம்பு லேசானது போலிருந்தது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போது வேம்புவின் வயலில் மோட்டார் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இடுப்பில் போன் அதிர்ந்தது. திரையில் மோட்டார் என்று பெயர் மின்னியது.

எடுத்துக் காதில் வைத்தாள்.

"மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் சிறிது நேரத்தில் இயங்கும். தானியங்கியை நீக்க எண் ஐந்தை அழுத்தவும்."

அம்சம் போனைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தாள். ஐந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை, நடுவில் சின்னப் புள்ளி தடிப்பாக இருக்கும், இருட்டிலும் தடவினால் தெரியும். கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. உள்ளே இன்னும் தட்டுகிற சத்தம். ஒருத்தரும் அவளைக் குறை சொல்லமுடியாது. வந்த போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், அவ்வளவுதான். ரேஷன் கடையில் எடுக்காமல் போகவில்லையா? பெல்ட் அவன் விரல்களை இழுக்கும், விரல்களோடு கையை, கையோடு தோளை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்த கை. அவளுக்கு அதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சுவரில் எந்த உயரத்துக்கு ரத்தம் தெறிக்கும் என்பது உட்பட.

குரல் மெனுவைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தது.

அம்சம் நட்சத்திரத்தை அழுத்தினாள்.

மனப்பாடமாகத் தெரிந்த மெனுவை அந்தக் குரல் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் சிறிது நேரத்தில் இயங்கும். சாவகாசமாக, ஒவ்வொரு சொல்லாக. அம்சம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவசரப்படாமல் இருந்தது அந்த நேரம் ஒன்றுதான்.

பிறகு ஐந்தை அழுத்தினாள்.

பாசத்தால் அழுத்தினாள் என்று யாராவது நினைத்தால் தப்பு. இசைவாணி பிற்பாடு கேட்டபோது, கை போனவனுக்குச் சோறு ஊட்டிக் கழுவிவிட வேண்டியதும் நான்தானே என்று சொல்லிச் சிரித்தாள். அது பாதி உண்மை. மீதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் ரத்தத்தைக் கற்பனையில் பார்த்தபோது அவளுக்கு அருவருப்பு வரவில்லை, பசி தீர்ந்தது போலிருந்தது. மண்வெட்டி இரும்பைக் கழற்றி வைத்த நாளில் அவன் முகத்தில் இருந்தது இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் மாதிரி ஆக அவளுக்கு மனமில்லை. அதனால்தான் அழுத்தினாள்.

பகலவன் பெல்ட்டை ஏற்றி முடித்து வெளியே வந்தான். கையெல்லாம் கிரீஸ். சுற்றிலும் மோட்டார்கள் ஓடுகிற சத்தம் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஊரு பூரா ஓடுது. நம்மது ஏன்டி ஓடலை?"

அவள் எழுந்திருப்பதற்குள் கொண்டையைப் பிடித்துவிட்டான். இடுப்பில் உதைத்தான். அவள் வாய்க்கால் சேற்றில் விழுந்தாள். போனை மட்டும் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் வரப்பிலிருந்த மண்வெட்டியை எடுத்தான். இந்தத் தடவை இரும்பைக் கழற்றவில்லை.

"கரண்ட் வந்தப்ப உங்க கை பெல்ட்டுக்குள்ள இருந்துச்சு" என்றாள் அம்சம். "நான்தான் நிறுத்தி வச்சேன்."

"பொய் சொல்றியா?"

"உள்ள இப்ப யாரும் இல்லை. பாருங்க."

சேற்றில் கிடந்தபடியே எண்ணை அழைத்து, ஒன்றை அழுத்தினாள்.

கொட்டகைக்குள் மோட்டார் உறுமியது. பெல்ட் ஒரு துள்ளு துள்ளிப் பிடித்துக்கொண்டது. அவன் உள்ளே விட்டுவிட்டு வந்த துண்டு அதோடு போனது. சரக்கென்று ஒரு சத்தம், அடுத்ததாகச் சுவரில் எதுவோ சளப்பென்று அடிக்கிற சத்தம். வாசல் வழியாக இருவருக்கும் தெரிந்தது. துண்டு சக்கரத்தில் சுற்றி, கயிறு மாதிரி முறுக்கேறி, நாராகக் கிழிந்து, பாதி வெளியே வந்து விழுந்தது. மீதிப் பாதி சுற்றிச் சுற்றிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து முதலில் சேறும் பிறகு தண்ணீரும் கொட்டியது.

பகலவன் மண்வெட்டியைக் கீழே விட்டான். இடது கையால் வலது கையை, தோளுக்குக் கீழே, இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாய் திறந்திருந்தது.

அம்சம் எழுந்து நின்றாள். ஒரு கண் மூடியே இருந்தது. முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உடனே நிறுத்தலைங்க. நிறுத்தறதா வேணாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன்."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவள் தொடர்ந்தாள்.

"இந்தத் தடவை நிறுத்தணும்னு தோணுச்சு. அடுத்த தடவை எப்படித் தோணும்னு எனக்கே தெரியாது."

துண்டின் கடைசி நூலும் அறுந்து சுவரில் சத்தம் அடங்கியது. அவள் மடையைத் திறந்து தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பகலவன் பின்னால் வரவில்லை.

அவன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் வாய் இன்றைக்கும் அதே சாக்கடைதான். டீக்கடையில் மேசையைக் குத்துகிறான், மாட்டை அடிக்கிறான். அம்சத்தின் மேல் மட்டும் கை விழுவதில்லை. ஓங்குகிறான், ஓங்கிய இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு மரியாதை என்றோ அன்பு என்றோ அம்சம் பெயர் வைக்கவில்லை. ராத்திரி தூங்க முடிகிறது, அது போதும் என்கிறாள். இசைவாணிக்கு வேலை கிடைத்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

மோட்டாரில் வேலை என்றால் இப்போது அவன் முதலில் ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்குகிறான். டீக்கடையில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். பிடுங்கி மடியில் முடிந்துகொண்ட பிறகும், சந்தில் கையை விடுவதற்கு முன் தலையைத் திருப்பி வரப்பைப் பார்க்கிறான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்சம் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.